மணியடித்த கணினி

மகள் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியடையாதபோது, நீர்வேலி வீட்டுக்கு ஒரு கணினி வாங்கினோம். அதிலிருந்த மென்பொருள் கணக்குச் சொல்லிக்கொடுக்கும். விடை சரியென்றால் மணியடிக்கும். அவள் நாள்தோறும் அதன்முன் இருந்தாள். குசினியில் சமைத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் நிறைந்தது.

அடுத்த முறையும் அவள் சித்தியடையவில்லை. எனக்கு ஞாபகமிருந்த சுலபமான சமன்பாடொன்றைத் தாளில் எழுதிக்கொடுத்தேன். பேனையைப் பிடித்தாள், ஒரு வரிகூட எழுதவில்லை.

“உப்பிடிக் கணக்குகள்தானே பிள்ளை உந்தக் கொம்பியூட்டரிலை செய்தனி?”

“பிழை பிழையா அடிச்சா, அதுவே விடையைக் காட்டும் அம்மா. அதைப் பாத்து அடிச்சா மணியடிக்கும்.”

“விளங்கேல்லை எண்டு கேட்டிருக்கலாமே?”

“ஆரைக் கேக்கிறது? எனக்கு விளங்கேல்லை எண்டு அதுக்குத் தெரியாது. மணியடிச்சா உங்களுக்கும் சந்தோசம்.”

திரும்பவும் பரீட்சை எழுதச் சொன்னேன், மறுத்துவிட்டாள். இப்போது யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். அவளுக்கு வேலையில்லாத நாளில் அவளுடைய தோழிகள் உயர்தர வகுப்புக்குச் சைக்கிளில் போவார்கள். அவர்கள் எங்கள் ஒழுங்கையைக் கடந்து போகும்வரை அவள் அறைக்குள்ளேயே இருப்பாள். கதவைத் தட்டி என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.