பேர் விழாத மூன்று நாள்

நல்லமுத்துவுக்குக் கோபம் வந்தால் மூச்சு முட்டும். மூச்சு முட்டினால் இன்னும் கோபம் வரும். 1959இல், நாற்பத்தோரு வயதில், அவள் நிலைமை அதுதான்.

இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத் தோட்டமொன்றில் பதினெட்டு வருஷம் ஸ்டோரில், தேயிலை அரைக்கும் ஆலையில், தேயிலை சலித்து, தூசியைத் தின்றவள். மூச்சு இளைக்கத் தொடங்கியதும் தோட்டத்து மருந்துக்காரர் காசம் என்றார். லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தியும் அவள் வாசலை மிதிக்கவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்த டாக்டரோ, காசமில்லை, நுரையீரல் இறுகிப்போகிற அபூர்வ நோய், மருந்து கிடையாது என்றார். அங்கே நோயாளிகளைக் கவனித்த மிஸ்ஸிதான் ஆறு வாரம் நடக்கப் பழக்கினாள். இரண்டு எட்டுக்கு மூச்சை இழு. சுடுதேத்தண்ணியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நாலு எட்டுக்கு விடு. முட்டினால் நில், பேசாதே. படுத்தே கிடந்தால் இருக்கிற தெம்பும் போய்விடும்.

டாக்டரின் கடிதத்தைப் பார்த்து, தோட்டத்தை நடத்தும் துரை நாற்றுமேடையில் களை பிடுங்கும் வேலை கொடுத்தார். தொடர்ந்து நாலு நாள் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள், குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் விடவேண்டும்.

காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களம் மேட்டில். கணக்கப்பிள்ளை கந்தப்பன் கூப்பிடும்போது குரல் கொடுத்தால்தான் அன்றைக்குப் பேரேட்டில் பேர் விழும், இல்லாவிட்டால் வராத கணக்கு. நல்லமுத்து நின்று நின்று ஏறி நேரத்துக்கு வந்துவிடுவாள். குரல் கொடுக்கத்தான் மூச்சிருக்காது. கையைத் தூக்குவாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த பெயருக்குப் போவான்.

"மேடேறத் தெரியுது, வாயத் தொறக்கத் தெரியலையோ? சீமாட்டிக்கு நான் காத்துக் கிடக்கணுமாக்கும்."

இப்படியே இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் சீக்கிரமாகவே புறப்பட்டுப் பார்த்தாள். பனி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் மோசமாயிற்று. அன்றும் பேர் விழவில்லை.

நாலாம் நாளும் கை தூக்கினாள். கந்தப்பன் அவளைத் தாண்டி, அவளுடைய பக்கத்துக் காம்பரா மீனம்மாவைக் கூப்பிட்டான். முன்வரிசையில் நின்ற மீனம்மா வாயைத் திறக்கவில்லை.

"ஏய், செவிடா?"

"அக்கா பேரப் போடுங்க ஐயா. அப்புறம் எனக்குக் குரல் வரும்."

சண்முகவடிவைக் கூப்பிட்டான். அவளும் பேசவில்லை. அதற்கடுத்த பதினோரு பெண்களும் பேசவில்லை. கீழ்ரோட்டில் துரையின் ஜீப் சத்தம் கேட்டது. வெறும் பேரேட்டை அவரிடம் காட்ட முடியாது. கந்தப்பன் மறுபடி நல்லமுத்துவைக் கூப்பிட்டான்.

மற்றவர்கள் சேர்ந்து ஊமையானால்தான் தன் ஒரு நாள் பேர் விழும் என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாயிருந்தது. அவசரப்படவில்லை. உதட்டைக் குவித்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஊதி முடித்தாள். ஜீப் நின்றது. கந்தப்பனுக்கு வியர்த்தது.

"இருக்கேன்," என்றாள். "எழுதுய்யா."