மயிலையின் தலைக்கயிறு

என் அலமாரியின் கீழ்த்தட்டில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு மாட்டுக் கயிறு இருக்கிறது. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் புடவை எடுக்க வரும் மருமகள் ஒவ்வொரு முறையும் மூக்கைச் சுளிப்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பழைய நார்க்கயிறு, கழுத்தில் கிடந்து கிடந்து ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று ஆகிவிட்டது. அதில் இப்போது வாசனை ஒன்றும் இல்லை என்கிறார்கள். எனக்கு மட்டும் தவிடும் வியர்வையும் உப்புக்காற்றும் கலந்த வாசனை வருகிறது. கிழவிக்கு மூக்கும் பொய் சொல்லும் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டித்தான் பிடித்துப் போக வேண்டும். பழைய கயிறு விற்றவர் வீட்டிலேயே தங்கிவிடும். அதுவும் போய்விட்டால் அந்தத் தொழுவில் மறுபடி மாடு நிற்காது என்பது நம்பிக்கை.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா தூத்துக்குடியில் வண்டி வைத்திருந்தார். பஞ்சுப் பொதிகளை ஆலையிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுபோய்த் தோணிகளுக்கு அருகில் இறக்குவது அவர் தொழில். வண்டியின் இடப்பக்கக் காளைக்கு மயிலை என்று பெயர். சாம்பல் பூத்த வெள்ளை உடம்பு, கழுத்தில் மட்டும் மழைமேக நிறம். சாயங்காலம் வெறும் வண்டி திரும்பும்போது தாத்தா தெருமுனையிலேயே இறங்கி முன்னால் நடந்து வந்து வாசல் படலைத் திறந்து வைப்பார். பிறகு நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தட்டுத் தட்டி, “வாய்யா... வா” என்று இழுத்துக் கூப்பிடுவார். வேலை முடிந்தது, பருத்திக்கொட்டை ஊறியிருக்கிறது, வீட்டுக்கு வா என்று அதற்குப் பொருள். மயிலை ஜோடியையும் வண்டியையும் இழுத்துக்கொண்டு ஓட்டமாக வரும். முற்றத்தில் பரப்பியிருந்த சிப்பி ஓடுகள் அதன் குளம்புக்கடியில் நொறுங்கும். என் சிறுவயதுக்கு ஒரு சத்தம் உண்டென்றால் அது சிப்பி நொறுங்கும் சத்தம்தான்.

யுத்தம் நடந்த வருஷங்கள் அவை. வைக்கோல் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த சமயத்தில் ஜோடிக் காளை கோமாரியில் செத்துப்போயிற்று. ஒற்றை மாடு பொதிவண்டி இழுக்காது. ஓட்டப்பிடாரத்துக்கு அப்பால் கரிசல்காட்டில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர், பந்தய வண்டி வைத்திருந்தவர், வந்து மயிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “எங்க ஊர்க் கொடைக்கு ஓட்டிப் பாக்கேன் அண்ணாச்சி. முதல்ல வந்தா மாடு எனக்கு. வரலைன்னா நீங்களே பிடிச்சிட்டுப் போயிருங்க” என்றார். தாத்தா சம்மதித்தார். புதுக் கயிற்றில் மயிலை போயிற்று. நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுத் தொழுவில் போய்ப் படுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு ஆறு வயது இருக்கலாம்.

கொடையன்று விடியும்போதே தாத்தா என்னை எழுப்பினார். பழைய கயிற்றை வேட்டிக்கு மேல் அரைஞாண் போலச் சுற்றி, மேலே துண்டைக் கட்டி மறைத்துக்கொண்டார். “மயிலையக் கூட்டிட்டு வரப் போறோம்ளா” என்றார் காதோடு. “பொதி இழுத்த மாடு பந்தயத்துல எங்கன ஓடப் போவுது?” என்று சிரித்தார். அம்மாவுக்கு எரிச்சல். “பொம்பளப் பிள்ளைக்கு மாட்டுப் பந்தயத்துல என்ன சோலி?” என்றாள். “மாட்டுக்கு இவளத் தெரியும். அதான் சோலி” என்று சொல்லிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார்.

பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடும் பஸ். அது ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். உப்பளங்களைக் கடக்கும்போது வெயில் இன்னும் வரவில்லை. உப்புக் குவியல்கள் வரிசையாக, யாரோ தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல வெளுத்துத் தெரிந்தன. பின்னால் கடல் இருந்ததா, வானம்தான் அப்படி இருந்ததா, தெரியவில்லை. பிறகு நிலம் கறுத்தது. பருத்திச் செடிகள் வந்தன. தாத்தாவின் மடியில் தூங்கித் தூங்கி விழித்தேன். ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் கயிறு உறுத்தியது. திரும்பி வரும்போது அது மயிலையின் கழுத்தில் இருக்கும் என்று நினைக்கையில் அந்த உறுத்தல்கூட இனித்தது.

பந்தயம் ஊர் எல்லையில் தொடங்கி, தூரத்து எல்லைக்கல்லைச் சுற்றித் திரும்பி, கொடி நட்ட இடத்தில் முடிய வேண்டும். தாத்தா கொடியையும் தாண்டி, ஓடி முடித்த வண்டிகள் வேகம் தணியும் இடத்தில் ஓர் உடைமரத்தடியில் போய் நின்றார். தோற்று வரும் மாட்டை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்கு. என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “எஞ் சத்தம் கேட்டா அது பறந்து வந்துரும். நான் வாயத் தொறந்தா நீ பொத்திரணும், கேட்டியா?” என்றார். அதற்கென்ன, அப்போதே பொத்திக்கொண்டேன். உள்ளங்கையில் அவர் மீசை குத்தியது.

அந்தக் காலையை நினைத்தால் எனக்குச் சத்தமே கேட்பதில்லை. எவ்வளவு பெரிய கூட்டம்! தலைப்பாகைகள் ஆடுகின்றன, வாய்கள் திறந்து மூடுகின்றன, கொட்டடிக்கிறவர்களின் கை எழுந்து தாழ்கிறது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் ஓசையில்லாமல் நடக்கிறது. தூரத்தில் புழுதி எழும்புகிறது. அதிலிருந்து ஒவ்வொரு வண்டியாகப் பிறந்து வருகிறது. முதலில் இரண்டு வண்டிகள். அவற்றுக்குப் பின்னால், நல்ல இடைவெளி விட்டு, மயிலை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோற்றுக்கொண்டிருக்கிறது! இன்னும் கொஞ்ச நேரம்தான். இன்று சாயங்காலம் முற்றத்தில் சிப்பி நொறுங்கும். தாத்தாவின் தோள்மேல் குதித்தேன்.

அப்போதுதான் வண்டி ஓட்டுகிறவன் கையைப் பார்த்தேன். நுனியில் ஆணி வைத்த தார்க்குச்சி. அவன் எக்கி எக்கி மயிலையின் பின்தொடையில் குத்தினான். தாத்தா வண்டியில் குச்சியே கிடையாது. அந்த மாட்டுக்குக் குத்தினால் ஓட வேண்டும் என்று தெரியவில்லை. குத்தக் குத்தத் தலையை உதறி உதறி நின்றுவிடப் பார்த்தது. வெள்ளைத் தொடையில் சிவப்பு வழிந்தது.

என் கைக்குள் தாத்தாவின் உதடுகள் அசைந்தன. இறுகப் பொத்தினேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், விலக்கினார்.

இரண்டு தட்டு. “வாய்யா... வா!”

அந்தக் காலையில் எனக்குக் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான். மயிலையின் காதுகள் நிமிர்ந்தன. அதற்குப்பின் அது ஓடியதை நான் என்னவென்று சொல்ல? வீட்டுக்கு ஓடியது. அவ்வளவுதான். கூட்டு மாடும் வண்டியும் ஓட்டுகிறவனும் பின்னால் இழுபட்டு வந்தார்கள். முன்னால் போன இரண்டு வண்டிகளையும் தாண்டிற்று, கொடியைத் தாண்டிற்று, நேரே உடைமரத்தடிக்கு வந்து மூச்சிரைக்க நின்று, தாத்தாவின் இடுப்பில் மூக்கை வைத்தது. துண்டுக்கு அடியில் கயிறு இருந்த இடத்தில்.

நான் ‘ஓ’வென்று அழுதேன். தாத்தாவின் தலையில் இரண்டு கையாலும் அடித்தேன். சம்சாரி ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். “இனி நீங்களே கேட்டாலும் தரமாட்டேன் அண்ணாச்சி!” என்று சிரித்தார். நல்ல மனிதர்தான், ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. தாத்தா அவரிடம் ஒன்றுதான் கேட்டார். “அந்தக் குச்சியத் தூரப் போடச் சொல்லும்வே.”

“குச்சி இல்லாம எப்படி ஓடும்?”

தாத்தா மயிலையின் நெற்றியைத் தடவினார். பிறகு ஓட்டுகிறவனைக் கூப்பிட்டு, “ஏலே, இங்கன வா. நாக்க இப்படி வையி” என்றார். அந்தச் சத்தத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவன் சொல்லச் சொல்லத் திருத்தினார். கடைசியில் அவன் கூப்பிட்டபோது மயிலையின் காது அவன் பக்கம் திரும்பிற்று. தாத்தா தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் நான் அவர் மடியில் உட்கார மறுத்தேன். பாதி வழியில், “ஏன் கூப்பிட்டீங்க?” என்று கேட்டேன்.

“அவன் குத்துதான்ளா” என்றார்.

“அவனுக்கு ஏன் சொல்லிக் குடுத்தீங்க? அது நம்ம வீட்டுக்குக் கூப்பிடுத சத்தம்லா?”

“இனிமே அதுக்கு வீடு அங்கனதான்.”

பிற்பாடு தொழுவுக்கு வேறு மாடுகள் வந்தன, நம்பிக்கை பொய்க்கவில்லை. அவற்றைத் தாத்தா பெயர் சொல்லித்தான் அழைத்தார். அந்தச் சத்தத்தை அதற்குப்பின் அவர் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. மயிலை ஊர் ஊராக ஜெயிக்கிறது என்று சந்தையிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். “குச்சி வச்சிருக்கானா?” என்று மட்டும் கேட்பார். இல்லை என்பார்கள். பேச்சு அதோடு முடியும்.

சென்ற வாரம் அலமாரியை ஒழித்தபோது கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன தோன்றியதோ, நாக்கை மேலண்ணத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். பல் போன வாயில் முதலில் சரியாக வரவில்லை. மறுபடி தட்டினேன். “வாய்யா... வா.” வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தி போட்டது போட்டபடி ஓடிவந்து, மூச்சிரைக்க என் முன்னால் நின்றாள்.

“என்னையா கூப்பிட்டீங்க ஆச்சி?” என்றாள்.

கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம் என்றேன்.