இரண்டு தட்டுக்கு ஒரு தட்டு

"…உன் மனசு ஆறட்டுமேன்னுதான் மாமா அன்னிக்கு மரங்கொத்தின்னு சொன்னேன், நெஜமா எனக்கு ஒண்ணும் கேக்கல" என்று மச்சான் சேகர் சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடிக்க ஆரம்பித்தான். எனக்கு வந்த எரிச்சலில் அந்த டம்ளரைப் பிடுங்கி வெளியே கொட்டியிருப்பேன். மறுநாள் காலையில் எனக்கு இரண்டாவது காது டெஸ்ட். எனக்குக் கேட்டது அவனுக்கும் கேட்டது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை தப்பும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பேய், முனி, காற்று கருப்பு எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். நைட் ஷிஃப்ட் முடிந்து சுடுகாட்டு வழியாகவே சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வருவேன். நீங்கள் நம்பாவிட்டாலும் கோபப்பட மாட்டேன், இதை வேறொருவர் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

நானும் சேகரும் கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆட்கள். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற மிஷின்கள், நாள் முழுக்க இடி இடித்த மாதிரி இருக்கும், காதில் பஞ்சு வேறு. "இங்க சாமியே வந்து கூப்ட்டாலும் கேக்காது, தட்டித்தான் கூப்டணும்" என்பார் எங்கள் லைன் மேஸ்திரி. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். மிஷின் காலில் ஸ்பானரால் இரண்டு தட்டு தட்டினால், இங்கே வா. பதிலுக்கு ஒரு தட்டு, வருகிறேன். பேரைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே எங்களுக்கு விட்டுப்போய்விட்டது.

போன மாதம் எல்லோருக்கும் காது டெஸ்ட் என்று சொன்னார்கள். காது போனவனை மிஷினில் நிற்க வைக்க மாட்டார்கள், காண்ட்ராக்ட் ஆள் என்றால் நாளை முதல் வர வேண்டாம் என்று அர்த்தம். வீட்டில் ஏற்கெனவே கஸ்தூரி, அதாவது என் மனைவி, சேகரின் அக்கா, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். டெஸ்டுக்கு முந்தின நாள் சத்தமில்லாத இடத்தில் இருங்கள், காது கொஞ்சம் தெளியும் என்றார் கம்பெனி நர்ஸம்மா. எங்கள் பக்கத்தில் சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது, இந்தப் பக்கம் ரயில், அந்தப் பக்கம் ஹைவே லாரி. சேகர்தான் ஆரம்பாக்கம் தாண்டி ஒரு பழைய காடு இருக்கிறது, நடப்பதற்கு வட்டமாகப் பாதை போட்டிருக்கிறார்கள் என்று பைக்கில் அழைத்துப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல மத்தியான வெயில். வாசலில் இருந்த வாட்ச்மேன், "கத்தி கித்தி இருந்தா வெச்சிட்டுப் போங்க, உள்ள எதையும் வெட்றதும் கெடையாது, தட்றதும் கெடையாது" என்றார். "எங்க கையில சாவிதான் இருக்குது நைனா, பூட்ட கூட வெட்டாது" என்று சேகர் நக்கலடித்தான், அவரும் சிரித்தார். உள்ளே போனால் வீரை மரம், பாலை மரம், தொடை கனத்துக்குக் கொடிகள், வெயிலே தரையைத் தொடவில்லை. அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம், புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும் பாதை.

சேகர் வேகமாக முன்னால் போய்விட்டான். பாதி வழியில் ஒரு தகவல் பலகை, அதற்கு இரும்புக் கால். அவனைக் காணவில்லையே என்று, யோசிக்கவே இல்லை, கை தானாகப் போயிற்று, சேகர் என்னிடம் கொடுத்திருந்த பைக் சாவியால் அந்தக் காலில் இரண்டு தட்டு தட்டினேன்.

பதிலுக்கு ஒரு தட்டு வந்தது.

பாதையிலிருந்து வரவில்லை, வலது பக்கம் ஆள் நுழைய முடியாத முள் புதருக்குள்ளிருந்து வந்தது. இவன் எதற்கு அங்கே போனான் என்று மறுபடி இரண்டு தட்டினேன். மறுபடி ஒன்று, இந்த முறை பக்கத்தில். இரும்பில் இரும்பு படுகிற சத்தம், எத்தனை வருஷமாகக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா. அப்போது சேகர் இடது பக்க வளைவிலிருந்து திரும்பி வந்தான், வெறுங்கையோடு.

"இன்னா மாமா, தட்டிக்கினே இருக்குற?"

"நீதானேடா பதில் குடுத்தே?"

"நான் எங்க குடுத்தேன்?"

இருவரும் நின்றுகொண்டிருக்கிறோம், சாவி என் சட்டைப் பையில். எங்களுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு தட்டு. சேகர் என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது. வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்தான். வெளியே வந்துதான் மரங்கொத்தி என்றான்.

மறுநாள் டெஸ்டில் கண்ணாடி அறையில் உட்கார வைத்து காதில் ஹெட்போனை மாட்டினார்கள், சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினேன். "நான் ஒண்ணுமே போடலியே, எதுக்கு சார் அமுக்கினே இருக்கீங்க?" என்று டெஸ்ட் எடுத்த பெண் கேட்டாள். எனக்கு அந்த ஒரு தட்டுதான் கேட்டது, விட்டு விட்டு. ஒரு வாரம் கழித்து இன்னொரு டெஸ்ட், அதிலும் இப்படியே என்றால் மேலே எழுதிவிடுவோம் என்றார்கள்.

அந்த ஒரு வாரமும் சேகரிடம் கெஞ்சினேன். என் காதில்தான் கோளாறு என்றால் போகட்டும், ஆனால் உனக்கும் கேட்டதே, நர்ஸம்மாவிடம் வந்து சொல்லு. கடைசியில் இரண்டாவது டெஸ்டுக்கு முந்தின சாயங்காலம்தான் வீட்டுக்கே வந்தான், வந்து நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பதிலைச் சொன்னான்.

"அப்ப எதுக்குடா என்னை இழுத்துக்கினு ஓடியாந்தே?" என்றேன்.

"நீ பேஜாராயிட்டியேன்னு. நானும் கேட்டேன்னு சொன்னா என்னையும் அந்தக் கண்ணாடி ரூம்ல குந்த வெப்பாங்க மாமா. ரெண்டு ஊட்லயும் சோறு இருக்காது."

"கேட்டுச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"கேக்கல. எங்க அக்கா மேல சத்தியமா, கேக்கல."

உள்ளே அவன் அக்கா குழம்பைக் கிளறிவிட்டு, கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள். எல்லா வீட்டிலும் தட்டுவதுதான். இரண்டு தட்டு.

"காத்து அடிச்சா காட்டுல ஆயிரம் சத்தம் வரும் மாமா, அத போயி நீ…" என்று சேகர் பேசிக்கொண்டே இருந்தான்.

வாசல் கிரில் கேட்டில் ஒரு தட்டு.

நான் அசையவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சேகர் பேச்சைப் பாதியில் நிறுத்தினான். டீ டம்ளரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான், எழுந்து போய் கதவைச் சாத்தினான், மேல் தாழ்ப்பாளையும் போட்டான். பிறகு சமையலறைக்குள் போய், அக்காவின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டான்.