மகள் காட்டிய மேடுகள்

செக் நாட்டில் பிர்னோ என்ற ஊரில் வேலை பார்க்கும் மகளிடம் ஒரு மாதம் இருந்துவிட்டு, போன வாரம்தான் தென்காசிக்குத் திரும்பினேன். ஓய்வுபெற்ற போலீஸ்காரன் ஐரோப்பா போய்வந்தால் தெரு சும்மா விடுமா? எதிர்வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுத் தம்பதியும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து படம் கேட்டார்கள்.

செல்போனை நீட்டும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அரண்மனை, பெரிய பாலம் என்று ஏதேதோ எதிர்பார்த்து வந்திருந்தார்கள். என்னிடம் இருந்ததோ பழைய கோட்டைச் சுவரை ஒட்டிய ஒரு பூங்கா, அங்கிருந்து தெரியும் ரயில் நிலையம், ஊருக்கு வெளியே பேர் தெரியாத இரண்டு மேடுகள்.

"மேட்டைப் பாக்கதுக்கா அண்ணாச்சி பிளேன் ஏறினீய? குத்தாலத்துக்கு பஸ் ஏறினா போதாதா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

"நான் என்ன செய்ய? எம் மவ டிக்கெட் இல்லாத இடமாப் பாத்துல்லா கூட்டிட்டுப் போனா. அம்புட்டு கஞ்சம்," என்றேன்.

முன்னைவிடப் பெரிய சிரிப்பு. அடுப்படியில் மனைவி மகளோடு வீடியோ காலில் இருந்தது அப்போதுதான் உறைத்தது. "வேலை இருக்கும்மா, வைக்கேன்," என்ற மகளின் குரல் போனிலிருந்து கேட்டது.

படங்களைத் தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, "எல்லாத்துலயும் உக்காந்தே இருக்கீயளே அண்ணாச்சி," என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் எனக்கு ஒரு பெஞ்சு இருந்தது. எங்கேயும் படிக்கட்டு இல்லை. என் வலது முழங்கால் நாலு படி ஏறினாலே மக்கர் பண்ணும். அதை நான் யாரிடமும் ஒப்புக்கொள்வதில்லை. போன இடத்திலெல்லாம் மகள் என்னைக் கீழே நிறுத்திவிட்டு முதலில் தனியாக ஏறிப் பார்த்துவிட்டு வந்துதான் என்னைக் கூட்டிப் போவாள். "எதுக்குட்டி ரெண்டு நடை நடக்க?" என்று எரிந்து விழுவேன். என் காலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வந்திருந்தவர்கள் முகத்தைக்கூட வெட்கத்தில் என்னால் பார்க்க முடியவில்லை.

அவர்கள் போனதும் மகளைப் போனில் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். "சாப்பிட்டியா?" என்றுதான் வந்தது.

"சாப்பிட்டேம்ப்பா." குரலில் கோபமே இல்லை. "அடுத்த தடவ டிக்கெட் இருக்க இடமாவே போவோம். எங்கெல்லாம் லிஃப்ட் இருக்குன்னுதான் இப்பப் பாத்துக்கிட்டு இருக்கேன்."