வளைகாப்பு நாளில் வந்த தூக்கம்

எட்டாம் மாதம். புனேயில், லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பில் எனக்கு வளைகாப்பு. முதுகும் இடுப்பும் வலித்துப் பல நாட்களாகத் தூக்கமில்லை. விருந்தினர் வரும்போது நிற்க முடியாமல் அழுதுவிட்டேன்.

பக்கத்து வீட்டு மராட்டிப் பெண் சுனந்தா என்னை இடப்பக்கமாகப் படுக்க வைத்தாள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த துண்டு, முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணை.

"தோடா ஆராம் கரோ" என்றாள் இந்தியில், கொஞ்சம் ஓய்வெடு என்று.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பதறி வெளியே வந்தேன். கூடம் நிறையப் பெண்கள் கிசுகிசுத்தபடி காத்திருந்தார்கள்.

"ஏங்க எழுப்பலை?" என்றேன் கணவரிடம்.

"வந்தேன். நீ குறட்டை விடறேன்னு சுனந்தா என்னை உள்ளயே விடலை."

எல்லோரும் சிரித்தார்கள். வலியில்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, இரு கைகளையும் நீட்டினேன். குறித்த நல்ல நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை.