தேத்தண்ணி தொடாத இரண்டு நாள்

எனக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்த ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. அது கண்ணில் படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அதை எழுதியவள் நான்தான்.

அடினோசின் என்பது, களைத்துப்போன உடம்பு தனக்குள்ளே உண்டாக்கி, போதும் ஓய்வெடு என்று தனக்கே சொல்லிக்கொள்ளும் பொருள். அது வந்து அமர்வதற்கென்று உடம்பில் இருக்கைகள் உண்டு, வாங்கிகள் என்போம். தேயிலையில் இருக்கும் கஃபீன் முந்திக்கொண்டு அந்த இருக்கையில் குந்திவிடும். தானும் ஒரு வேலை செய்யாது, வேலை செய்ய வந்தவனையும் இருக்க விடாது. எங்கள் பல்கலைக்கழகத் துறைத்தலைவரைப் போல என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்த காலமும் உண்டு. இப்போது சிரிப்பு வருவதில்லை.

அந்த வாங்கிகளைத் தூண்டும் ஒரு மருந்தை மனித இரத்தத்தில் சோதிக்க வேண்டியிருந்தது. இரத்தம் தருகிறவர்கள் அதற்கு முன் இரண்டு நாள் தேத்தண்ணி, கோப்பி தொடக்கூடாது. பட்டணத்தில் அப்படி ஓர் ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். மாங்கேணி என்ற கடலோர ஊரில் சில மீனவர்கள் ஒப்புக்கொண்டார்கள். தவக்காலத்தில் இறைச்சியை விடுகிறோம், இதையும் விடுகிறோம் என்றார்கள். விடியுமுன் கடலுக்குப் போகிறவனுக்கு அது லேசான காரியமில்லை.

மூன்றாம் நாள் காலையில் எங்கள் வாகனம் போய் நின்றதும், இரத்தம் எடுக்க இடம் தந்த வீட்டு அக்கா இஞ்சி போட்ட தேத்தண்ணியை என்னிடம் நீட்டினார். குலுங்கி வந்த களைப்பில் வாங்கிக் குடித்தேன். அவ்வளவு பெரிய கேத்திலில் மிச்சம் யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. கடைசி ஆளுக்கும் ஊசி குத்தி முடித்து, கை கழுவ அடுப்படிப் பக்கம் போனபோதுதான் கழுவாத கோப்பைகளைக் கண்டேன்.

"ஆருக்கு அக்கா இவ்வளவு தேத்தண்ணி?"

"இரத்தம் குடுக்க வந்தவங்களுக்குத்தான் மிஸ். வாகனம் வந்திட்டுது, ரெண்டு நாள் முடிஞ்சுதெண்டு நினைச்சன். வேணாமெண்டுதான் நிண்டாங்க. மிஸ்ஸே குடிக்கிறா, குடிங்கெண்டு நான்தான் குடுத்தன்."

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறிப்போனது. ஆனால் ஒன்றையும் ஒளிக்கவில்லை, யார்மீதும் பழி போடவில்லை. "பரவாயில்ல அக்கா, வாற சனிக்கிழமை திரும்பி வாறன். ரெண்டு நாள் முந்தியே நிப்பாட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

துறைத்தலைவர் பல்லைக் குத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"இரத்தம் வந்து சாட்சி சொல்லப் போகுதா? இன்னொருக்கா வாகனம் தர ஏலாது. கிடக்கிறதைச் செய்து முடியுங்க."

முடிவுகள் பார்வைக்கு நன்றாகத்தான் வந்தன. அவற்றுக்கு என்ன பொருள் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்த ஆளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அருவருத்துக்கொண்டே அவர் கேட்ட வரியை எழுதிக் கொடுத்தேன்: இரத்தம் வழங்கியோர் நாற்பத்தெட்டு மணி நேரம் தேநீரோ கோப்பியோ அருந்தவில்லை. மாங்கேணிக்கு ஓர் அழைப்புகூட எடுக்கவில்லை. எடுத்தால் ஏதாவது சொல்ல வேண்டுமே.

கட்டுரை வெளியானது, பதவி உயர்வும் வந்தது. துறைச் சுவரில் மாட்ட, இரத்தம் தந்தவர்களின் படம் வேண்டும் என்றார் துறைத்தலைவர். வெட்கம்கெட்டுப்போய் அதற்கும் நானே போனேன். அக்கா முற்றத்துக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னால உங்கட வேலை கெட்டுப் போயிட்டா மிஸ்?"

"இல்ல அக்கா."

"எனக்கு மனசே கேக்கல்ல. சனிக்கிழமை வருவீங்கெண்டு இவங்க ஒருத்தரும் ரெண்டு நாள் தேத்தண்ணி தொடல்ல. கடலுக்கும் அப்படியேதான் போனவங்க. பொழுதுபடுமட்டும் றோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தம்."

மீனவர்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தேன்.

அது இன்றும் எங்கள் துறைச் சுவரில் தொங்குகிறது. அதன் கீழே என் வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமையைப் பொறுத்தவரை அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இரத்தம் எடுக்க நான்தான் போகவில்லை.