யானை வாசமும் மூடிய கண்ணாடியும்

இரைப்பு உள்ள ஐந்து வயதுப் பிள்ளையைக் காட்டுக்கு அழைத்துப் போனது துணிச்சலா, பொறுப்பில்லாத்தனமா? இரண்டு வருடமாக யோசிக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் சரியாகப் படுகிறது, மறுநாள் மற்றது.

எங்கள் வீடு திருவொற்றியூரில். கணவருக்கு மணலியில் ஓர் ஆலையில் ஷிப்டு வேலை. காற்று மேற்கே மணலிப் பக்கமிருந்து திரும்பி ஆலைகளின் கேஸ் வாடை வந்தால் தெருவில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, எல்லா வீட்டு ஜன்னலும் வரிசையாகச் சாத்திக்கொள்ளும். நான் ஈரக் கைக்குட்டையை மகளின் மூக்கில் வைத்துவிடுவேன். அவளுக்கு மூன்று வயதில் இரைப்பு தொடங்கியதிலிருந்து கைப்பையில் இன்ஹேலரும், சோப்பு டப்பாவில் நனைத்த கைக்குட்டையும் இல்லாமல் நான் கடைக்குக்கூடப் போனதில்லை.

முதுமலைப் பயணம் கணவரின் சிநேகிதர் போட்ட திட்டம். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுபவர். அவரே ஓர் ஆம்னி வேனை இரவல் வாங்கினார். கூடாரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். லாரிக்குப் போர்த்தும் தார்ப்பாய் ஒன்றையும் நான்கு கழிகளையும் வேன் மேலே கட்டிக்கொண்டு வந்து நின்றார். டாக்டர் போகலாம் என்றார். அவர் அதை அரை மனதோடு சொன்னாரா, முழு மனதோடு சொன்னாரா என்று வழியெல்லாம் கணவரைக் கேட்டுக்கொண்டே போனேன். வேலூர் தாண்டியதும் அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

காட்டுக்குள் கூடாரம் போட அனுமதி கிடையாது. மசினகுடி பக்கம் ஒருவர் தன் தோட்டத்தில் இடம் கொடுத்தார். தார்ப்பாயில் டீசல் வாடை அடித்ததால் மகளோடு நான் வேனிலேயே படுத்தேன். கணவர் ஷிப்டு நேரத்துக்கு எழுந்து, ஆலைச் சங்கு ஊதவில்லையே என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். காலையில் சிநேகிதர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கூடவே அவர் வீட்டிலிருந்து வந்த இறால் தொக்கும் ரொட்டியும். அன்றைய பசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தெப்பக்காட்டுச் சாலையில் மகள் புள்ளிமான்களை எண்ணிக்கொண்டு வந்தாள். இருபதுக்கு மேல் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து. அவள் பார்க்க வந்தது யானையைத்தான். ஊரில் ஒரு மாதமாக அதே பேச்சு.

ஒரு வளைவில் திடீரென்று அந்த வாடை வந்தது. புளித்த மாதிரி, கனமாக, தொண்டையில் உட்காரும் வாடை. என் கை கண்ணாடியைத் தள்ளி மூடிவிட்டது. முன்னால் இரண்டு ஆண்களும் அதே நொடியில் கண்ணாடியை ஏற்றினார்கள். நான் கைக்குட்டையால் மகளின் மூக்கைப் பொத்தி அவள் தலையை மடியில் அழுத்திக்கொண்டேன்.

"இன்னா மாமு, இங்கயும் கேஸ் வுட்டுட்டானுங்களா?" என்றபடியே சிநேகிதர் வேனை விரட்டினார்.

டீக்கடையில் நிறுத்தினோம். பின்னாலேயே ஜீப்பில் வந்த வனக் காவலர் எங்களை வினோதமாகப் பார்த்தார்.

"ஏம்மா, அஞ்சு யானை ரோட்டோரம் நின்னுச்சே. கண்ணாடிய ஏத்திட்டு இப்படிப் பறந்துட்டீங்களே?"

சிநேகிதர் தலையில் அடித்துக்கொண்டார். "யானைய மோந்து பாத்துட்டு மணலின்னு ஓடியாந்த கும்பல் நம்மதாம்பா."

எல்லோரும் சிரித்தோம், மகளைத் தவிர. "அது யானை வாசமா?" என்று என்னைக் கேட்டாள். "நீ ஏம்மா மூக்க மூடுன?"

திரும்பிப் போய்ப் பார்த்தோம். சாலையில் சாணமும் ஒடிந்த மூங்கிலும்தான் இருந்தன.

மாலையில் யானைகள் ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்க வரும் என்று அந்தக் காவலர் ஓர் இடம் சொன்னார். வேனில் காத்திருந்தோம். முதலில் வாடைதான் வந்தது. மகள் என்னைப் பார்த்தாள். கைக்குட்டை என் விரலில் சுற்றியிருந்தது. எடுத்துவிட்டேன் என்று தெரியாமலே எடுத்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, இருக்கும் மூச்சையெல்லாம் இழுத்தாள்.

அக்கரையில் யானைகள் இறங்கின. நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் சட்டைக்கு மேல் கையை வைத்து விலா உள்வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டிச் சத்தம் வருகிறதா என்று முதுகில் காதை வைத்தேன். வரவில்லை. மூச்சு வந்து போனது, அவ்வளவுதான். "அம்மா, குட்டி வழுக்குது பாரு" என்று என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். அப்போதுதான் பார்த்தேன். சேற்றில் பின்னங்கால் சறுக்கிய குட்டியைப் பெரிய யானை ஒன்று தும்பிக்கையால் முட்டி மேலே தள்ளிக்கொண்டிருந்தது. அதற்குள் கேமராவில் ரோல் தீர்ந்துவிட்டது. பரவாயில்லை என்று அன்று மனதாரத் தோன்றியது.

அங்கிருந்த மூன்று நாளும் இன்ஹேலர் பையைவிட்டு வெளியே வரவில்லை. ஊர் திரும்பிய நான்காம் நாள் அதை எடுக்க வேண்டி வந்தது. அங்கே மூச்சு சீராக இருந்தது காற்று மாறியதால் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். ஊரைவிட்டுப் போய்விடலாமா, வேலையை விட்டு எங்கே போவது என்ற பேச்சைக் கணவர் ஒரு முறை எடுத்தார். பிறகு நாங்கள் இருவருமே அதைத் தொடவில்லை.

இப்போது அவளுக்கு ஏழு வயது. அடுத்த மாதம் பள்ளியில் பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்க அழைத்துப் போகிறார்கள். ஓர் இரவு தங்கல், பெற்றோர் கூட வரக்கூடாது. "மருந்து என் பாக்கெட்லயே இருக்கட்டும், எனக்கு எப்ப வேணும்னு எனக்குத் தெரியும்" என்கிறாள். தெரியுமா? டீச்சரிடம் கொடுத்தால் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே அவள் மூச்சை யார் கேட்பார்கள்? போகவே வேண்டாம் என்றால் மறுபடியும் கண்ணாடியை மூடியவள் ஆகிவிடுவேனோ? இரைப்பு உள்ள பிள்ளையை இப்படித் தனியாக அனுப்பிய தாய்மார்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள்: எந்த வயதில், எந்தத் தைரியத்தில், அந்த மருந்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தீர்கள்?